கட்டிலுக்கு அடியில் மணி

விலங்குக் காப்பகத்துக்குள் நுழைந்ததும் முதலில் திணறுவது நம் காதுதான். ஒரு நாய் குரைக்கும். அதைக் கேட்டு அடுத்த கூண்டில் இருப்பது குரைக்கும். கடைசிக் கூண்டுவரை போன குரைப்பு மறுபடி நம்மிடம் திரும்பி வரும். நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் நம் காதுக்குக் கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். இரும்புக் கதவின் கிறீச்சொலியில் நமக்கு எட்டாத மேல்பகுதியும் சேர்ந்து அதன் காதில் விழும். நாளெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நாயை நாம் வீட்டுக்குக் கூட்டி வரப்போகிறோம்.

அதற்கு மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் ஊரில் நாய்க்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை, நாமும் உடைத்துக்கொள்ள வேண்டாம். மணிக்கு மூன்று வயது இருக்கும். செம்பழுப்பு நிறம், நாட்டு நாய். இடது காதின் நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. சண்டையில் கடிபட்ட காயம் என்று நினைத்துவிடாதீர்கள். கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்த நாய் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக, மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் போட்டுவிடும் அடையாளம் அது. உங்கள் தெருவில் படுத்திருக்கும் நாய்களின் காதை நாளைக்குப் பாருங்கள், இந்த வெட்டு எத்தனை காதில் இருக்கிறது என்று தெரியும்.

சென்னையில் காப்பகம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது கிண்டியில் உள்ள புளூ கிராஸ். விமானியான கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் 1959-இல் அதைத் தொடங்கினார்கள். மழைவெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த நாய்க்குட்டிகளை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் ஆரம்பம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று அவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1996-இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. மணியின் காதில் இருக்கும் வெட்டுக்குப் பின்னால் இத்தனை பெரிய கதை இருக்கிறது.

காப்பகத்தில் பிள்ளைகள் எல்லோரும் நேராகக் குட்டிகள் இருக்கும் கூண்டுக்கே ஓடுவார்கள். என்னைக் கேட்டால், முதன்முதலாக நாய் வளர்க்கும் வீட்டுக்கு வளர்ந்த நாய்தான் நல்லது. குட்டி எப்படிப்பட்ட நாயாக வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வயது மணி சாதுவா, துறுதுறுப்பா, பூனையைக் கண்டால் என்ன செய்வான் என்பதெல்லாம் அங்கே வேலை செய்பவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடமே கேட்டுவிடலாம். வயது சரிதானா என்று பல்லையும் பார்க்கலாம். குட்டிக்கு 28 பால்பற்கள். ஏறக்குறைய ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தையும் கறையையும் வைத்து மருத்துவர் வயதைச் சொல்வார். அது ஓர் உத்தேசக் கணக்குதான்.

வளர்ந்த நாயிடம் ஒரு சிக்கல் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து, 1965-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை குட்டியின் மூளை எதையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் என்று அவர்கள் கண்டார்கள். அந்த நாட்களில் பார்த்துப் பழகிய மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும். அப்போது பழகாதவற்றைப் பார்த்தால் பெரிதான பிறகும் தயங்கும். மணி தெருவில் பிறந்தவன். ஆட்டோவையும் ஆட்டையும் கண்டு அசர மாட்டான். ஆனால் மின்விசிறி, கண்ணாடிக் கதவு, மாடிப்படி, வழுக்கும் டைல்ஸ் தரை எல்லாம் அவனுக்குப் புதிது. வீட்டுக்குள் நுழைந்தவுடன் தலைக்கு மேல் ஏதோ சுற்றுகிறதே என்று அவன் மிரண்டால் சிரிக்காதீர்கள்.

சரி, வீடு வந்துவிட்டது. மணி என்ன செய்கிறான்? நாம் போட்டுவைத்த புது மெத்தையை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறான். பிஸ்கட் காட்டினாலும் வருவதில்லை. "தோ... தோ..." என்று கூப்பிட்டாலும் வருவதில்லை. "ஏண்டா, உம்முனு கிடக்கே, சீக்கு கீக்கு புடிச்ச நாயா?" என்று பாட்டி கேட்கிறார்.

பாட்டி, மணிக்கு நோய் ஒன்றும் இல்லை. அவன் உடம்புக்குள் கார்டிசால் என்ற ஒரு வேதிப்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தாற்போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால் வருகிறது. உங்களுக்கும் எனக்கும் அது உண்டு. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும், ஓடவோ எதிர்க்கவோ வேண்டிய சக்தியை ரத்தத்தில் சேர்க்க அது உதவுகிறது. செரிமானம் போன்ற வேலைகளை உடம்பு கொஞ்சம் தள்ளிவைத்துவிடும். மணிக்கு முதல்நாள் பசி எடுக்காததற்கு இதுவே காரணம். ஓகையோவில் உள்ள ஒரு காப்பகத்தில் நாய்களின் ரத்தத்தை எடுத்து அளந்த ஹென்னசி குழுவினரின் முடிவு 1997-இல் வெளியானது. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாளில் நாய்களின் கார்டிசால் உச்சத்தில் இருந்தது. ஒன்பது நாளுக்கு மேல் அங்கே இருந்த நாய்களுக்குக் குறைந்திருந்தது. இடம் மாறினாலே நாயின் உடம்பு இப்படி முறுக்கேறிக்கொள்ளும். அந்த முறுக்கு தளர நாட்கள் வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு 2019-இல் வந்தது. லிசா கன்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு ஐந்து காப்பகங்களிலிருந்து நாய்களை இரண்டொரு இரவு மட்டும் யாராவது ஒருவர் வீட்டில் தங்க அனுப்பிவைத்தது. போகும் முன்பும், வீட்டில் இருக்கும்போதும், திரும்பிய பிறகும் சிறுநீரை எடுத்து கார்டிசாலை அளந்தார்கள். வீட்டில் அது குறைந்தது, நாய்கள் இடைவிடாமல் நெடுநேரம் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழையபடி ஏறியது. பழக்கமே இல்லாத வீட்டில் ஒரே இரவு தங்கினால்கூட நாயின் உடம்பு கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறது.

அப்படியானால் மணி ஏன் கட்டிலுக்கு அடியில் போனான்? மூன்று பக்கமும் மூடிய இடம் அது. வருபவர் யாராக இருந்தாலும் ஒரே பக்கமாகத்தான் வர முடியும், அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். முறுக்கேறிய உடம்புக்கு அதுதான் வேண்டும். கையை நீட்டி இழுத்தால் அந்த ஒரு பக்கத்திலிருந்தும் ஆபத்து என்று அவன் கற்றுக்கொள்வான். அப்புறம் அவனுக்கு மிச்சம் இருக்கும் ஒரே வழி கடிப்பது.

ஆகவே இந்த நாட்களில் உங்களுக்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது. கேட்டால் சப்பென்று இருக்கும்: சும்மா இருப்பது. கட்டிலிலிருந்து தள்ளி, தரையில், மணிக்குப் பக்கவாட்டில் முதுகைக் காட்டினாற்போல உட்காருங்கள். அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்காதீர்கள். நாய்களுக்குள் அது மிரட்டல். வீட்டுப்பாடத்தை வாய்விட்டுப் படியுங்கள். அவ்வப்போது, பார்க்காமலே, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அவன் பக்கம் உருட்டிவிடுங்கள். தெருப்பிள்ளைகள் எல்லோரும் "நாய் பார்க்கணும்" என்று வாசலில் வந்து நிற்பார்கள், அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.

நீங்கள் சும்மா இருக்கும்போது மணி சும்மா இல்லை. அவன் மூக்கைக் கவனியுங்கள்.

நம் மூக்கில் வாசனையைப் பிடிக்கும் வாங்கிகள் ஏறக்குறைய 50 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அவை எல்லாம் உட்காரப் போதுமான இடம் வேண்டுமே! அதற்காக அதன் மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புத் தகடுகள் மடிந்து கிடக்கின்றன. மோப்பம் பிடிக்கும்போது அது நொடிக்கு ஐந்துமுறை வரை காற்றை இழுக்கும். இழுத்த காற்றில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் பின்னால் உள்ள வாசனை அறைக்குத் திரும்பிவிடும். இன்னொரு தந்திரமும் உண்டு. நாயின் மூக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால் துவாரத்தின் ஓரத்தில் ஒரு பிளவு தெரியும். மூச்சை வெளியே விடும்போது காற்று அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் போகும். முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் அப்படியே இருக்கும். நாம் மல்லிகைப்பூவை முகர்ந்துவிட்டு மூச்சை விட்டால், அந்த வாசனையையே தள்ளிவிடுகிறோம். நாய்க்கு அந்த நஷ்டம் இல்லை.

இது போதாதென்று, மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால், வாயின் மேற்கூரையில் இரண்டாவதாக ஒரு மோப்ப உறுப்பும் இருக்கிறது. ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். மற்ற நாய்கள் விட்டுச்சென்ற வேதிச்செய்திகளை அது பிடிக்கும். கம்பத்தின் அடியை மணி அப்படி மெய்மறந்து முகர்வது ஏன் என்று இப்போது தெரிகிறதா? "போதும் வாடா" என்று கயிற்றைப் பிடித்து இழுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். அவனைக் கூட்டிப்போனதே அதற்குத்தானே!

வாசனையைப் பற்றி இன்னொரு சேதி. கிரெகரி பெர்ன்ஸ் என்ற அமெரிக்க மூளை விஞ்ஞானி, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கினார். மயக்க மருந்து கிடையாது, கட்டிப்போடுவதும் கிடையாது. பிடிக்காத நாய் எழுந்து போய்விடலாம். முதலில் பழகியவற்றில் ஒன்று கேல்லி, அவர் வீட்டு நாய். அதுவும் காப்பகத்திலிருந்து வந்ததே. பிறகு பன்னிரண்டு நாய்களுக்கு ஐந்து வாசனைகளைக் காட்டினார்கள்: தன்னுடையது, தெரிந்த நாய், தெரியாத நாய், தெரியாத மனிதர், தன் வீட்டு மனிதர். மனித வாசனை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? அக்குளிலிருந்து! நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் ஒரு பகுதி மூளையில் உண்டு. வீட்டு மனிதரின் வாசனைக்குத்தான் அது எல்லாவற்றையும்விட அதிகமாக விழித்தது. அத்தனைக்கும் அந்த மனிதர் அப்போது அறையிலேயே இல்லை.

ஆகவே நீங்கள் விளையாடிவிட்டு வந்து கழற்றிப்போட்ட, இன்னும் துவைக்காத பனியனை மணியின் மெத்தையில் போட்டுவையுங்கள். அம்மா திட்டினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வெளியே வர அவன் தயாராகும்போது, உங்களை ஏற்கெனவே மூக்கு வழியாகத் தெரிந்துவைத்திருப்பான்.

அது எப்போது நடக்கும்? காப்பகங்களில் "மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டின் பழக்கவழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று ஆகிவிடும். ஆய்வுக்கூடத்தில் அளந்த கணக்கு இல்லை இது, நாய்களோடு நாள்தோறும் புழங்குபவர்களின் கைக்கணக்கு. சில நாய் அன்றைக்கே மடியில் ஏறும், சில நாய்க்கு ஆறு மாதம் ஆகும்.

ஆனால் ஒரு மனிதரோடு ஒட்டுதல் ஏற்பட அவ்வளவு காலம் தேவையில்லை. ஹங்கேரியில் மார்த்தா காச்சி என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 2001-இல் இதைக் காட்டினார்கள். காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்களோடு ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே தடவை நேரம் செலவழித்தார். தடவிக்கொடுத்தார், விளையாடினார். பிறகு புதிய அறை ஒன்றில் அந்த மனிதரும் முன்பின் தெரியாத ஒருவரும் மாறி மாறி உள்ளே வர, நாய் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். வெறும் அரைமணி நேரம் பழகிய மனிதரையே நாய்கள் தேடின. அவர் வெளியே போனால் கதவருகே நின்றன, திரும்பி வந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. ஒருமுறை ஏமாந்த நாய் இனி யாரையும் நம்பாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்த நாய்களைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

இப்போது கொஞ்சம் கூர்ந்து பார்க்கும் வேலை. மணி கொட்டாவி விடுகிறான். தூக்கமா? பட்டப்பகலில், சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது விட்டால் பெரும்பாலும் அது தூக்கக் கொட்டாவி இல்லை, சங்கடம். சாப்பாடு ஏதும் இல்லாமலே நாக்கால் மூக்கை ஒருமுறை சட்டென்று நக்கிக்கொள்வதும் அப்படித்தான். தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை பிறைநிலாவாகத் தெரிந்தால் உடனே தள்ளிப்போங்கள். அடுத்தது உறுமல். உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும். சாப்பிடும் நாயின் தட்டில் கை வைப்பது, தூங்கும் நாயைத் தொட்டு எழுப்புவது, கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைப்பது, மூன்றும் வேண்டாம்.

குக்கர் விசில் மணிக்குப் பெரிய வில்லன். மிக்சி அதைவிடப் பெரிய வில்லன். இங்கே நமக்கு உதவ ஒரு பழைய ரஷ்யர் இருக்கிறார். இவான் பாவ்லோவ் செரிமானத்தை ஆராய்ந்தவர், அதற்காகவே 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். தாளம் தட்டும் ஒரு கருவியின் ஓசையைக் கேட்கவைத்து உடனே உணவு கொடுத்துக்கொண்டே வந்தால், நாளடைவில் அந்த ஓசையைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று கண்டவர் அவர். அதையே நாம் மணியின் பயத்துக்கு மருந்தாக்கலாம். மணி தூரத்து அறையில் இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு, மிக்சியை ஒரு நொடி மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். சத்தம் வந்தவுடன் கோழித்துண்டு. சத்தம் முதலில், துண்டு பிறகு. இந்த வரிசை மாறினால் பலிக்காது. நாள் போகப் போக நேரத்தைக் கூட்டி, தூரத்தைக் குறையுங்கள். தீபாவளி வெடிக்கு மட்டும் இந்த வைத்தியம் கடைசி நேரத்தில் வேலைக்கு ஆகாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் நாயைத் தத்தெடுக்காதீர்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்கு, இரண்டே நாள் இருந்த வீட்டுக்குத் திரும்ப வழி எப்படித் தெரியும்?

இனி சாப்பாடு. நாய் ஓநாயின் வழிவந்தது, அதற்கு இறைச்சிதான் ஆகாரம், சோறு போடக் கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சுவீடன் நாட்டு எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013-இல் நாயின் மரபணுக்களை ஓநாயினுடையவற்றோடு ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவுக்கு ஓநாயிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. நாய்களிடம் 4 முதல் 30 வரை! மனிதர் பயிர்செய்து உண்ணத் தொடங்கிய காலத்தில், அவர்கள் போட்ட மிச்சத்தைச் செரிக்க முடிந்த நாய்களே தழைத்தன. ஆகவே மணிக்குச் சோறு செரிக்கும். அதற்காக வெறும் சோறு போதாது. முட்டை, கோழி, மீன் என்று புரதமும் கூடச் சேர வேண்டும். முதல் ஒரு வாரம் காப்பகத்தில் என்ன போட்டார்களோ அதையே போடுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

நம் சமையலறையில் மணிக்கு ஆகாதவை சில உண்டு, இவற்றை மனப்பாடமே செய்துகொள்ளலாம். சாம்பார்ச் சோறு கூடாது. வெங்காயமும் பூண்டும், வேகவைத்தாலும்கூட, நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பாயசத்தில் மிதக்கும் திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நமக்குச் சீக்கிரம் வெளியேறிவிடும். நாயின் உடம்பில் நெடுநேரம் தங்கி இதயத்தைப் படபடக்க வைக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்தில் சைலிடால் இருந்தால் அது இன்னும் மோசம். பிரியாணி எலும்பு? வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும், குடலைக் குத்தும். பாலைக் குடித்தால் பல பெரிய நாய்களுக்கு வயிறு கெடும், லாக்டோஸைச் செரிக்கும் நொதி குட்டிப்பருவத்தோடு குறைந்துவிடுவதால்.

சாப்பிட்டதும் இரைப்பை விரியும். அது குடலுக்கு, "இடம் காலி பண்ணு" என்று நரம்பு வழியாகச் சேதி அனுப்பும். நமக்கும் காலையில் காபி குடித்தவுடன் இதே சேதி வருவதுண்டு. மணியை வெளியே கூட்டிப்போக அதுவே நல்ல நேரம்: சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன். வெளியே போய்விட்டால் அடுத்த நொடியே பாராட்டும் தின்பண்டமும். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாதீர்கள். அதில் மூக்கைத் தேய்ப்பது பழைய முட்டாள்தனம். நீங்கள் இருக்கும்போது போகக் கூடாது என்றுதான் அவன் புரிந்துகொள்வான், பிறகு சோபாவுக்குப் பின்னால் போய் வைப்பான். தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்தால் நம் மூக்குக்குச் சுத்தம். 20 கோடி வாங்கிகள் உள்ள மூக்குக்குப் பழைய இடம் இன்னும் தெரியும். சிறுநீரில் உள்ளவற்றைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வராமல் தடுப்பது மிக எளிது. மணிக்கு மருத்துவர் சொல்லும் நாளில் வெறிநோய்த் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான ஊசியும் போட வேண்டும். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் தடுப்பூசி அட்டையிலேயே குறித்திருக்கும். சென்னை போன்ற மாநகரங்களில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமமும் வாங்க வேண்டும், அதை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். எந்த நாய் கடித்தாலும், பல் லேசாகக் கீறினாலும், குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். திட்டு விழும் என்று மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டதே இந்த நோயோடு போராடத்தான்.

சில வாரம் ஆயிற்று. மணி இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை. நீங்கள் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்க்கிறான். முதல் நாளில் மிரட்டலாக இருந்த அதே பார்வைதானே இது? ஆனால் இப்போது கண் சுருங்கி, காது தளர்ந்து, உடம்பு நெகிழ்ந்து இருக்கிறது. ஜப்பானில் நாகசாவா, கிகுசுய் என்ற விஞ்ஞானிகளின் குழு 2015-இல் இந்தப் பார்வையை ஆராய்ந்தது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடியது. தாய்க்கும் பச்சைக்குழந்தைக்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஹார்மோன் அது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் அவர்கள் பார்த்தார்கள். அவை மனிதர் கண்ணை அப்படிப் பார்த்தது மிக அரிது.

இனி நீங்களே ஓர் ஆய்வு செய்யலாம். இத்தாலியில் 2007-இல் முப்பது நாய்களின் வாலை மேலிருந்து படம் பிடித்தார்கள். தன் மனிதரைப் பார்த்தபோது வால் வலப்பக்கம் அதிகமாக வீசியது. அறிமுகமில்லாத, அதட்டும் சுபாவமுள்ள வேறொரு நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் அதிகமாக வீசியது. உடம்பின் வலப்பக்கத்தை மூளையின் இடப்பாதி இயக்குகிறது. பக்கத்தில் போகலாம் என்ற எண்ணமும் விலகலாம் என்ற எண்ணமும் மூளையின் வெவ்வேறு பாதிகளில் வேலை செய்வதால் இப்படி என்பது அவர்கள் விளக்கம். சாதாரணக் கண்ணுக்கு இது பிடிபடாது. அம்மா வேலை முடிந்து வரும்போது ஒருமுறை, தபால்காரர் வரும்போது ஒருமுறை, மணியின் வாலைக் கைப்பேசியில் மெதுவாக ஓடும் படமாக எடுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று நோட்டில் குறியுங்கள். ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், பல நாள் எடுத்து ஒப்பிடுங்கள். படம் எடுக்கும்போது மணிக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, உயரத்தில் நின்றுகொள்ளுங்கள். முன்னால் நின்றால் அவனுடைய வலது உங்களுக்கு இடதாகத் தெரியும், கணக்கு தலைகீழாகிவிடும்.